இனிக்காத பழமும் எளிய அணியும்

2014 உலகக் கோப்பையில் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என மூன்று முன்னாள் சாம்பியன்களோடு ஒரே பிரிவில் சிக்கிய கோஸ்டா ரிக்காவை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த அணியோ பிரிவில் முதலிடம் பிடித்தது. கிரீஸைப் பெனால்டியில் வென்றது. காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றதும் பெனால்டியில்தான். ஐந்து ஆட்டங்களில், பெனால்டி ஷூட்அவுட் நீங்கலாக, வாங்கியது இரண்டே கோல். ஐவர் தற்காப்பு வரிசை ஒன்றுபோல முன்னேறி எதிரணியை ஆஃப்சைடில் மாட்டிவிடும் நேர்த்தியும், கோல்கீப்பர் கெய்லர் நவாஸின் கைகளும் அதற்குக் காரணம். கோல் மழைக்குக் காத்திருப்பவருக்கு இது சலிக்கும். தடுப்பதிலும் கலை உண்டு என்பவருக்கு விருந்து.

அந்நாட்டார் விரும்பியுண்ணும் பெஹிபாயே பழமும் அப்படித்தான். பனைக் குடும்ப மரத்தில் குலைகுலையாய்க் காய்க்கும் அதை உப்பு நீரில் நெடுநேரம் வேகவைத்து, மயோனைஸ் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். பழமென்றால் இனிக்க வேண்டும் என்று கடிப்பவர் ஏமாறுவார். அதன் மாவுச் சுவை கிழங்குக்கே நெருக்கம். இந்த ரசனையெல்லாம் எளியவர்மீது இரக்கம், புதுமைமீது மோகம் என்று சிலர் ஒதுக்கலாம். இரக்கமும் மோகமும் முதல் ஏமாற்றத்திலேயே வடிந்துவிடும். ஒன்றை அதற்குரிய அளவுகோலால் அளக்கப் பழகிய ரசனைதான், 2018இல் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கோஸ்டா ரிக்கா திரும்பிய பிறகும் அந்த அணியோடு நிற்கும்.