சார்டினியாவுக்குச் செம்பு எதற்கு?

சார்டினியாத் தீவின் மலைகளில் செம்புத் தாது உண்டு. அப்படியிருந்தும் அங்கே ஏறக்குறைய முப்பது இடங்களில், வெண்கலக் காலத்து 'மாட்டுத்தோல்' பாளங்களின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நான்கு மூலையும் நீண்டு, விரித்துக் காயவைத்த தோலைப்போல இருப்பதால் அந்தப் பெயர். வடிவத்தை மட்டும் பார்த்தால், உள்ளூர்ச் செம்பையே வெளியூர் அச்சில் வார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லவிடாமல் தடுத்தது ஈய ஐசோடோப்புச் சோதனை. அந்தச் செம்பு சைப்ரஸ் தாதுவோடு பொருந்தியது.

செம்புத் தாதுவில் சிறிதளவு ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈயத்தின் 206, 207, 208 ஆகிய ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் அணு வகைகள்) யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகுகின்றன, 204 பெருகுவதில்லை. ஆகவே தாதுப் படிவின் வயதுக்கேற்ப அவற்றின் விகிதம் வேறுபடும். உலையில் உருக்கினாலும் அது மாறுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நோயல் கேலும் சோபியா ஸ்டோஸ்-கேலும் இந்த வழியில்தான் கி.மு. 1400-க்குப் பிந்தைய பாளங்களைச் சைப்ரஸின் அப்லிக்கி சுரங்கப் பகுதியோடு இணைத்தார்கள்.

இந்த முறை 'இல்லை' என்று சொல்லும்போது அதை நான் முழுதாக நம்புகிறேன். கிரீட் தீவின் ஹாகியா ட்ரியாடாவில் கிடைத்த 19 பாளங்கள் சற்று முந்தையவை, வடிவமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவை சைப்ரஸோடு பொருந்தவில்லை. 'ஆம்' என்பதற்கு அந்த வலிமை கிடையாது. வெகுதொலைவில் உள்ள இரு சுரங்கங்களின் விகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். இதுவரை மாதிரி எடுக்காத சுரங்கம் கணக்கிலேயே வராது.

பழைய உலோகத்தை மீண்டும் உருக்கியிருந்தால் என்ன ஆகும்? 1995-ல் பால் பட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுப்பிய இந்தக் கேள்வி பெரும் விவாதமானது. பாளங்களைப் பொறுத்தவரை அந்த ஐயம் எனக்கு வலுவாகப் படவில்லை. துருக்கிக் கரையோரம் மூழ்கிய உலுபுருன் கப்பலில் சுமார் 10 டன் செம்பு இருந்தது. அதன் பாளங்களுக்குள் கசடும் காற்றுத் துளைகளும் நிறைந்திருக்கின்றன. இது தாதுவிலிருந்து நேரே வந்த செம்பின் அடையாளம். ஆனால் வாள், கோடரி, சிலை என்று வரும்போது ஐயம் நியாயமானதே. 1960-ல் அகழப்பட்ட கெலிடோனியா முனைக் கப்பலில் உடைந்த வெண்கலக் கருவிகள் உருக்குவதற்கென்றே ஏற்றப்பட்டிருந்தன. மூன்று ஊர்ச் செம்பு ஒரே மூசையில் கலந்தால், அதன் சராசரி யாருமே தோண்டாத நான்காவது சுரங்கத்தைக் கைகாட்டக்கூடும். அப்படிப்பட்ட பொருளுக்கு ஒற்றைப் பிறப்பிடம் எழுதுவது தவறு.

இன்னொரு குறை, சோதனையைவிட அதைப் படிப்பவர்களைச் சேர்ந்தது. பிறந்த இடம் தெரிந்ததுமே 'வணிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் மடல்களில் அலாஷியா என்ற நாட்டின் மன்னர் எகிப்திய மன்னருக்குச் செம்பு அனுப்பியதைச் சொல்லி, வெள்ளி கேட்கிறார். அலாஷியா சைப்ரஸ்தான் என்பதற்கு அந்த மடல்களின் களிமண்ணே வலுவான சான்று தந்தது. அங்கே நடந்தது பரிசா விற்பனையா என்பதற்கு விடை எழுத்தில்தான் இருக்கிறது, ஈயத்தில் இல்லை. எழுத்தே இல்லாத சார்டினியாவில் அந்தத் துணையும் கிடையாது.

அங்கே புதிர் இன்னும் அவிழவில்லை. பாளங்கள் சைப்ரஸுடையவை, தீவில் செய்த வெண்கலப் பொருள்களோ பெரும்பாலும் உள்ளூர்த் தாதுவோடு பொருந்துகின்றன. வந்த செம்பு மூசையில் கலந்து அடையாளம் இழந்ததா, உருக்கப்படாமல் செல்வமாகப் பதுக்கப்பட்டதா?