கண்மாயின் சூல்

சோ. தர்மனின் ‘சூல்’ (2016) நாவலின் தலைப்பிலேயே பலரும் நெகிழ்ந்துவிடுகிறோம். நிறைந்த கண்மாய் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. தெய்வத்துக்குப் பயந்து காத்த அந்த நீரை, சுதந்திரத்துக்குப் பின் அரசின் பொறுப்பின்மை வற்றடித்தது என்கிறது நாவல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடைக்குடும்பனும் நீர்ப்பாய்ச்சியும் ஆண்கள். பெண்ணின் உடம்பு உவமையாக மட்டும் உள்ளே வருகிறது.

மதுரை இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுக்குள் செருப்பணிந்து யாரும் போவதில்லை, மரம் வெட்டுவதில்லை. காடு பிழைத்தது அந்தப் பயத்தால்தான். திருமங்கலம் அருகே அனுப்பபட்டியில், கரும்பாறை முத்தையா கோயிலில் ஆண்கள் மட்டும் கிடா விருந்து உண்கிறார்கள். உண்ட இலை காயும்வரை பெண்கள் அங்கே போகக்கூடாது. இதுவும் அதே பயம்தான். முன்னதைச் சூழலியல் அறிவென்று கொண்டாடும் நம் கட்டுரைகள் பின்னதை வெறும் வழக்கமென்று கடந்துவிடுகின்றன.

இன்யூட் மக்களின் கடல்தாய் செட்னாவும் இப்படித்தான். தகப்பன் வெட்டிய அவள் விரல்களே சீல்களாயின. பெண் தன் கருச்சிதைவை மறைத்தால் அவள் கூந்தலில் அழுக்கேறும், வேட்டை கிடைக்காது என்று நம்பினார்கள். கடலும் பெண், குற்றவாளியும் பெண்.

2024 இறுதியில் அரிட்டாபட்டி மலையைக் காக்க டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துப் பெண்களும் திரளாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கண்மாயைப் பற்றிச் சொன்னால் அதைச் சூல் என்பாளா? எனக்குச் சந்தேகம்தான்.