அள்ளாத பச்சை

சுத்திகரித்த கழிவுநீரைக் குட்டையில் தேக்கினால் சில நாளில் பச்சை பிடிக்கிறது. கரைந்து நிற்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வெயில் பட்டதும் பாசிக்கு உரமாகிவிடுகின்றன. அந்தப் பாசி ஆற்றில் போய் அழுகினால், குறைத்த மாசு வேறு உருவில் திரும்பி வரும். குற்றாலத்து விடுதிகளின் கழிவுநீருக்கும் இது பொருந்தும். அங்கிருந்து இறங்கும் சிற்றாறுதான் தென்காசிப் பக்கத்துக் குளங்களை நிரப்புகிறது.

மிதக்கும் செடிகளால் நீரை மூடுவது இதற்கு மலிவான மருந்து. வெளிச்சம் இல்லாமல் பாசி சாகிறது; உரச்சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. 1970களில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் வுல்வர்டன் ஆகாயத்தாமரையை வைத்து இதைச் செய்து காட்டினார். வங்கதேசத்து மிர்சாப்பூரில் மருத்துவமனை வளாகக் கழிவுநீரில் டக்வீட் என்னும் சிறு செடியை வளர்த்து, அள்ளி, கெண்டை மீனுக்குத் தீனியாகப் போட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது அந்த அள்ளுதல்தான். அள்ளாவிட்டால் செடி அங்கேயே மக்கும். உறிஞ்சியதெல்லாம் மறுபடி நீருக்குள் போகும்.

குற்றாலத்தில் பருவமும் குறுக்கே நிற்கிறது. கூட்டமும் கழிவும் பெருகுவது சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வானம் மூடிக்கிடக்கும் அந்த நாட்களில் செடி மந்தமாகவே வளரும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் குட்டை உடைந்தால் செடி சிற்றாற்றில் இறங்கிவிடும். ஆகாயத்தாமரை புகுந்த குளத்தை மீட்கும் பாடு தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் இங்கே அதை நான் ஏற்கமாட்டேன். அசோலா என்னும் மிதக்கும் பெரணியோ டக்வீடோ போதும், அதுவும் மூங்கில் சட்டத்துக்குள், மதகுக்கு வலை கட்டி.

கொசுவையும் மறக்கக் கூடாது. மான்சோனியா கொசுவின் புழு நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்சு வாங்கும். கேரளத்துச் சேர்த்தலையில் யானைக்கால் நோய் பரவியதில் இதற்குப் பங்குண்டு. செடி முழுக்க மூடிய நீரில் உயிர்வளியும் குறையும். இதற்கு மலைச்சரிவே உதவும்: கடைசிக் குட்டையிலிருந்து கல்படிகளில் நீரை விழவிட்டால் காற்று கலந்துவிடும்.

செலவுக் கணக்கில் குட்டை வெட்டுவதை மட்டும் எழுதுவதே இத்திட்டங்களின் பெருங்குறை. ஈரச்செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்; சுமப்பதற்கே ஆள் வேண்டும். அள்ளும் கூலியும், கன உலோகச் சோதனையும், சோதித்த செடியை மாட்டுக்கோ உரத்துக்கோ வாங்குபவரும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத திட்டத்தைப் பேரூராட்சி திருப்பி அனுப்பட்டும்.