குஸ்கோ நகரில் இரு எர்னெஸ்டோக்கள்

மலைநகரங்களுக்குச் சென்று மீள்வோர் எழுதும் பயண நூல்களிலே ஒரு கூற்றுத் தவறாது இடம்பெறும்: அவ்வூர் மக்களோடு நெருங்கிப் பழகினோம் என்பதே அது. யாரோடு பழகினர், எம்மொழியிற் பேசினர், எதிரே நின்றவன் வாய்திறந்து என்ன சொன்னான் என்ற வினாக்களை வாசகரும் எழுப்புவதில்லை. எழுதியோரும் விடை கூறுவதில்லை. பொழுதுபோக்குக்காக எழுதப்படும் நூல்களிடம் இவ்வினாக்களைத் தொடுப்பதிற் பயனில்லை. எனவே, நாம் பெரிதும் மதிக்கும் ஒரு நூலிடமே இவற்றைத் தொடுக்கின்றோம்.

எர்னெஸ்டோ சே குவேராவின் 'மோட்டார் சைக்கிள் நாட்குறிப்புகள்' முற்போக்கு வாசகருக்கு அறிமுகம் வேண்டாதது. 1959 இல் இலங்கைக்கு வந்து, ஹொரணைப் பகுதி றப்பர்த் தோட்டமொன்றில் மரம் நாட்டிச் சென்ற அதே மனிதர், 1952 இல் 23 வயது மருத்துவ மாணவராக, தோழர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் தென்னமெரிக்காவைச் சுற்றிய கதை அது. மோட்டார் சைக்கிள் சிலி நாட்டிலேயே பயனற்றுப்போக, லொறிகளின் முதுகில் ஏறி அன்டீஸ் மலைத்தொடரைக் கடந்து, 11,000 அடிக்கு மேல் அமைந்த குஸ்கோ நகரை இருவரும் அடைந்தனர். இன்காக்களின் பழைய தலைநகர் அது. இப்பயணத்தில் மக்களைச் சந்தித்தமையே ஒரு மாணவனைப் புரட்சியாளனாக்கியது என்பது பலரும் வழிமொழியும் கருத்து. அதனை நாம் மறுக்க வரவில்லை. ஆனால், நூலிலே பேசுவோர் எவர் என்பதைக் கணக்கெடுத்துப் பார்த்தல் வேண்டும்.

சிலியின் செப்புச் சுரங்கமாகிய சுக்கிக்கமாட்டாவுக்குச் செல்லும் வழியில், சிறை மீண்ட கம்யூனிஸ்ட் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் குளிரில் ஒடுங்கியிருக்கக் காண்கிறார் குவேரா. அத்தொழிலாளி பேசுகிறார், தம் வாழ்வைத் தாமே சொல்கிறார். அப்பக்கங்கள் நூலின் உச்சம். காரணம் வெளிப்படை: இருவருக்கும் தாய்மொழி ஸ்பானியம். பெரு நாட்டு மலைகளில் ஏறியதும் நிலைமை மாறுகின்றது. கெச்சுவாவும் அய்மாராவும் பேசும் மக்கள் லொறி நிறைய உடன் வருகின்றனர். அவர்தம் ஆடை, கண்கள், மௌனம், உடல் நாற்றம் அனைத்தும் குறிக்கப்படுகின்றன. சிலர் உடைந்த ஸ்பானியத்தில் ஆர்ஜென்டீனாவைப் பற்றி ஆவலோடு வினவ, பயணிகள் தம் நாட்டின் அற்புதங்களை அளக்கின்றனர். வினவும் உரிமை ஒருகணம் மலைமக்கள் கைக்கு வந்தது. எனினும் அவர்தம் வாழ்வு அவர்தம் வாயால் நூலினுள் நுழையவில்லை.

சுதேச மக்களுக்கென ஒதுக்கிய மூன்றாம் வகுப்புப் புகையிரதப் பெட்டிகளை, தம் நாட்டிற் கால்நடை ஏற்றும் பெட்டிகளோடு குவேரா ஒப்பிடுகிறார். சொகுசுப் பெட்டியிற் செல்லும் உல்லாசப் பயணிக்கு இம்மக்களின் நிலை எங்கே விளங்கப்போகிறது என்றும் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆயின், அதே பக்கத்தில் அம்மக்களின் சுத்தக் குறைவைப் பற்றி அவர் எழுதும் அருவருப்பான வரிகளையும் வாசகர் மறைக்காது படித்தல் வேண்டும். குஸ்கோ அருங்காட்சியகக் காப்பாளரின் செப்புநிற முகத்தைக் கண்டு உள்ளம் நெகிழும்போதுங்கூட, அம்மனிதரையே உயிருள்ள அருங்காட்சியகத்தின் ஒரு பொருளாக அவர் வருணித்துவிடுகிறார். இரக்கத்துக்கும் அறிமுகத்துக்கும் உள்ள தூரம் இங்கேயே புலனாகின்றது.

இந்நூலில் ஆசிரியர்கள் தனியே வாசிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. பூனோ நகரை நோக்கிச் செல்லும் லொறியிலே ஓர் ஆசிரியர் இவர்களோடு பயணம் செய்கிறார். சுதேச இனத்தவர், அரசியற் சார்பு காரணமாகப் பதவி பறிக்கப்பட்டவர். மலைக்கணவாயில் வழிப்போக்கர் தம் துயரையெல்லாம் ஒரு கல்லாக இறக்கிவைத்துச் செல்லும் கற்குவியலைக் காட்டி அதன் பொருளை விளக்குகிறார். கொக்கா இலையும் மதுவும் தம் மக்களை மயக்கி வைத்திருப்பதைச் சொல்கிறார். பின்னர், பிள்ளை பிறந்த உலகத்தை இழிவென்று கற்பிக்காது அவ்வுலகத்திலே பயனுள்ளவனாக அவனை நிறுத்தும் பள்ளி வேண்டும் என்று குரலுயர்த்துகிறார். குவேரா இதனை நேர்மையோடு பதிவு செய்கிறார். மலைமக்களைப் பற்றி அந்நூல் அறிந்தவற்றுட் பெரும்பங்கு இவர் வாய்வழி வந்ததே என்பது எமது துணிபு. அவருடைய பெயர் நூலில் இல்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம், அமேசன் கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியேற்றத்திலே தம் பிறந்தநாளன்று உரையாற்றிய குவேரா, மெக்சிக்கோ முதல் மகெல்லன் நீரிணை வரை அனைவரும் ஒரே கலப்பினத்தவர் என முழங்கினார். எல்லைகளை அழிக்கும் உயர்ந்த எண்ணம்தான். ஆனால், கலப்பினத்தவர் எனத் தம்மைக் கருதாத கெச்சுவா உழவன் அந்த ஒருமைக்குள் எவ்விடத்தில் நிற்பான்? (வால்ட்டர் சாலஸ் 2004 இல் இந்நூலைத் திரைப்படமாக்கியபோது குஸ்கோ வீதியில் ஒரு சிறுவனையும் கெச்சுவாப் பெண்களையும் பேசவைத்தார். நூலில் இல்லாததைத் திரை இட்டு நிரப்பிற்று.)

1950 இன் பூகம்பத்திலே சிதைந்த குஸ்கோப் பேராலயத்தின் பெருமணியாகிய 'மரியா அங்கோலா' மீண்டும் ஒலித்ததைக் குவேரா நகைச்சுவையோடு எழுதுகிறார். அதே மணியின் ஓசையை வேறோர் எர்னெஸ்டோவும் கேட்டான். ஹொசே மரியா ஆர்கெதாஸ் 1958 இல் வெளியிட்ட 'ஆழ்ந்த ஆறுகள்' நாவலின் கதை சொல்லும் சிறுவனுக்கும் எர்னெஸ்டோ என்பதே பெயர். ஆர்கெதாஸ் கெச்சுவா பேசும் வேலையாட்களின் அரவணைப்பில் வளர்ந்தவர்; பிற்காலத்தில் இனவரைவியலாளர். அவர் படைத்த சிறுவனும் ஊரூராய்த் திரியும் வழக்கறிஞரான தந்தையோடு குஸ்கோவுக்குப் பயணியாகவே வருகிறான். மணியோசை கேட்டதும் அவன் நினைவில் எழுவது பழம்பெருமை அன்று; தன்னை வளர்த்த சுதேச உழவர்களின் முகங்கள்.

நான்கு பண்ணைகளுக்கு உரிமையாளனான கிழவனின் வீட்டில் தந்தையும் மகனும் தங்குகின்றனர். பழங்களை அழுகவிட்டாலும் விடுவானன்றிப் பண்ணையாட்களுக்குக் கொடுக்க மனமற்றவன் அக்கிழவன். அவ்வீட்டு முற்றத்திலே 'பொங்கோ' எனப்படும் கூலியற்ற வீட்டுப் பணியாள் ஒருவன் கூனிக் குறுகி நிற்கிறான். சிறுவன் அவனை அப்பா என்று கெச்சுவா மொழியில் மரியாதையோடு விளித்து, குஸ்கோவைச் சேர்ந்தவரா என்று வினவுகிறான். அவன் இல்லையென்கிறான்; தான் பண்ணையைச் சேர்ந்தவன் என்கிறான். இவ்வளவே உரையாடல். ஊரைக் கேட்டவனுக்கு உடைமையாளனைச் சொல்லும் அந்த விடையிலே பெரு நாட்டு நிலவுடைமையின் முழு வரலாறும் அடங்கிக் கிடக்கின்றது. பயணக் குறிப்பு எழுதும் எவருக்கும் இவ்விடை எளிதிற் கிட்டாது. கேட்பதற்கு மொழி வேண்டும். அதனினும் மேலாக, அப்பா என்று அழைக்கும் உறவு வேண்டும்.

எனினும், மொழி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆர்கெதாஸ் எம்மை ஏமாற்றவில்லை. அபன்காய் நகரில் விடுதிப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன், அருகிலுள்ள பத்திபம்பா பண்ணைக் குடிசைகளுக்குச் செல்கிறான். அவர்தம் மொழியிலேயே பேசுகிறான். பெண்கள் அஞ்சி விலகுகின்றனர். அவனோடு பேச எவரும் விரும்பவில்லை. நிலமும் உடலும் பிறனுக்கு உரியனவாக இருக்கையில், வந்தவனின் நல்லெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கக்கூட அவர்களுக்குத் துணிவில்லை. அதே நகரில், சோளக்கள் விற்கும் பெண்களோ அச்சமற்றுப் பேசுகின்றனர். பதுக்கப்பட்ட உப்பைப் பறித்து ஏழைகளுக்குப் பங்கிடுகின்றனர். இரு சாராரும் கெச்சுவா பேசுவோரே. வேறுபாடு மொழியில் இல்லை. யாருடைய சோற்றை யார் கையால் உண்கின்றனர் என்பதில் இருக்கின்றது.

இது இலக்கிய நயம் பற்றிய வழக்கு மட்டுமன்று. 1967 இல் பொலிவியக் காடுகளில் குவேராவின் போராளிகள் கெச்சுவா மொழி பயிலத் தொடங்கினர். 1952 இன் மௌனத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது சான்றாகலாம். ஆனால், அவர்கள் முகாமிட்ட ஞன்காவாசுப் பகுதியின் சுதேச மக்கள் பேசியது குவாரனி. உழவர்கள் தம்மோடு சேரவில்லை என்ற கவலை அவருடைய பொலிவிய நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் வருகின்றது. 1953 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தமும் இராணுவத்தின் அச்சுறுத்தலும் இதற்குக் காரணங்கள் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவற்றைச் சிறிதாக்குதல் எமது நோக்கமன்று. 1967 ஒக்டோபர் 9 ஆம் நாள் லா இகேரா என்னும் மலைக் கிராமத்திலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டது ஒரு பள்ளிக்கூட அறையில்.

ஆர்கெதாசின் நாவல் முடிவை நெருங்குகையில் பத்திபம்பாவில் கொள்ளைநோய் பரவுகின்றது. சிறுவனோடு ஒரு சொல் பேச அஞ்சிய அதே பண்ணையாட்கள், இறந்தோருக்காகப் பூசை வேண்டுமெனக் கோரி, துப்பாக்கியேந்திய காவலையும் மீறி, இரவில் ஆயிரக்கணக்கில் நகரினுள் நுழைகின்றனர். அவர்களை அழைத்து வந்த தலைவர் எவரும் இல்லை. மந்திரங்களையும் பிரார்த்தனைகளையும் உரத்த குரலிற் சொல்லிக்கொண்டு அவர்கள் தெருவைக் கடப்பதை, இருளில் நின்று சிறுவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.