மருதம்பட்டைக்கு வேண்டியது புகழ்ச்சியல்ல, சோதனை

தாமிரபரணிக் கரையில் மருத மரத்துக்குப் பஞ்சமில்லை. திருப்புடைமருதூர்க் கோயிலின் தலமரமே மருதுதான். வெளுத்த மேல்தோலைச் சீவினால் இளஞ்சிவப்பாகத் தெரியும் அதன் பட்டையைக் கஷாயமாக வற்றவைத்துக் குடித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். இதய நோய்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து இது. அதையே இன்று நாட்டு மருந்துக்கடைகள் ‘இரத்த ஓட்டம் சீராகும்’ என்று சொல்லி, நோய் என்னவென்று கேட்காமல், பொடியாகக் கட்டிக் கொடுக்கின்றன. மருந்தைவிட இந்தக் கேட்காமைதான் பெரிய குறை. மாஞ்சோலை போன்ற மலையூரில் அது உயிர்ப்பிரச்சினை: நெஞ்சுவலி வந்தவர் மணிமுத்தாறு வழியாக இறங்கி அம்பாசமுத்திரம் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், கஷாயத்தைக் குடித்துப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால், அடைபட்ட இரத்தக்குழாய்க்குப் பின்னால் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

பட்டையில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு இதன் சாரத்தையும் கொடுத்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் டெல்லி எய்ம்ஸ் அதைவிடப் பலரிடம் 12 வாரம் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவில், இதயம் இரத்தத்தை இறைக்கும் திறன் கூடவில்லை. சிறிய ஆய்வு தந்த நம்பிக்கையைப் பெரிய ஆய்வு குறைத்திருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

நாடி பார்த்து, உடல்வாகுக்கேற்பத் துணைமருந்து சேர்த்துக் கொடுப்பதை இப்படிச் சோதிக்க முடியாது என்பார்கள். ஆளுக்கேற்ப மாற்றும் மருந்தை அல்ல என்றாலும், கூட்டுமருந்தைச் சோதிக்கச் சீனாவில் முடிந்திருக்கிறது. தேள், அட்டை உட்பட பல சரக்குகள் சேர்ந்த தோங்சின்லுவோ என்ற மரபுக் கூட்டுமருந்தைப் பிரிக்காமல் அப்படியே, மாரடைப்பு வந்த 3,777 பேரிடம், நவீன சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2023இல் வந்த முடிவில், போலிமருந்து பெற்றவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு 30 நாளில் பெரிய பாதிப்புகள் நேர்ந்தன. தோங்சின்லுவோ பெற்றவர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான். தலைமுறை தலைமுறையாகக் குடித்தோமே, என்ன கெடுதல் வந்தது என்ற கேள்வியும் உண்டு. அந்தத் தலைமுறைகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை விழுங்கவில்லை. சீனர்களின் மரபு மருந்தான தான்ஷென் வேர் அந்த மாத்திரையோடு சேர்ந்து இரத்தப்போக்கை உண்டாக்கியது பதிவாகியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் 1965 முதல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சித்த மருத்துவர் எழுதித்தரும் மருதம்பட்டைக் கஷாயத்தை, எக்கோ பார்க்கும் இதயப் பிரிவோடு சேர்ந்து, அளவும் கால வரையும் குறித்து இந்த இரண்டும் சோதித்துச் சொல்ல வேண்டும்.