அளவும் முறையும்: தொண்டைநாட்டு வளமும் சிறார் கல்வியும்

தமிழிலக்கியம் இயற்கையைப் போற்றிய இலக்கியம் என்னும் கூற்றை மறுப்பார் இலர். ஆயினும், போற்றியது எவ்வகையால் என்று வினவுவாரும் மிகுதியாக இலர். சிறார்க்குப் பாடம் எழுதுவோர் பலர் நீரைப் பற்றிய பாடத்தின் தலையில் ஒரு சங்க அடியையும் கடையில் ‘நீரைக் காப்போம்’ என்னும் அறிவுரையையும் அமைத்து நிறைவு கொள்கின்றனர். அடி அணியாய் நிற்கிறது. அறிவுரை ஆணையாய் ஒலிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே மாணவன் அறிந்துகொண்டது யாது என்பது விடையின்றி நிற்கிறது.

சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. பாடம் இருத்தல் வேண்டுமா என்னும் வழக்கு அன்றே தீர்ந்தது. பாடம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே இன்று ஆராய்தற்குரியது. பழைய நூல்கள் இயற்கையைத் தொழுமாறு மட்டும் கற்பிக்கவில்லை. அதனைக் கொள்ளும் அளவையும் முறையையும் கற்பித்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து. அக்கருத்துக்கு இலக்கியத்தில் சில சான்றுகளும், செங்கற்பட்டு நிலத்திலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் சில சான்றுகளும் காட்டப்பெறும்.

இலக்கியம் காட்டும் அளவு

கணியன் பூங்குன்றனார் பெயரால் வழங்கும் நற்றிணை 226ஆம் பாட்டில், பிரிவால் வருந்தும் தலைவி மூன்று செய்திகளை அடுக்குகிறாள். மருந்து வேண்டுவோர் மரமே பட்டுப்போகும்படி அதனைக் கொள்வதில்லை. தவம் செய்வோர் உடல்வலி அறவே ஒழியும்படி நோற்பதில்லை. அரசர் குடிகளின் செல்வம் அழியும்படி பொருள் பெறுவதில்லை. மரத்தைத் தொடலாகாது என்று அவள் கூறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மருந்தும் கொள்ளப்படும், மரமும் வாழும். கொள்வதற்கும் அழிப்பதற்கும் இடையே உள்ள எல்லையையே பாட்டு சுட்டுகிறது.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. இப்பாட்டு அறம் உரைக்க எழுந்ததன்று, அகப்பாட்டு. காதல் துயரை விளக்குதற்கு இவ்வுண்மை துணையாக வருகிறது. அறியாததை விளக்க வருவது கேட்போர் முன்னரே அறிந்ததாக இருத்தல் வேண்டும் என்பது உவமைக்கும் எடுத்துக்காட்டுக்கும் பொதுவான விதி. எனவே, வளம் குன்றாமல் கொள்ளுதல் என்பது அக்காலத்தார்க்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய கொள்கையாக இல்லை. எல்லார்க்கும் தெரிந்த வழக்காகவே இருந்தது எனலாம்.

புறநானூற்று 184ஆம் பாட்டோ கற்பிக்கவே எழுந்தது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வரிகொள்ளும் முறையை அறிவுறுத்துகிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி அளித்தால், ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்தின் விளைவு யானைக்குப் பல நாள் உணவாகும். நூறு செய்யாக இருப்பினும், யானை தானே புகுந்து மேயின் மிதிபட்டு அழிவது உண்பதை விஞ்சிவிடும். புலவர் ‘பேராசை கொள்ளாதே’ என்று ஆணையிடவில்லை. நிலத்தின் பரப்பைத் தருகிறார். இரண்டு வழிகளையும் அருகருகே வைக்கிறார். ஒன்றில் எஞ்சுவதையும் மற்றொன்றில் இழப்பதையும் கேட்போன் மனத்தால் கணக்கிடச் செய்கிறார். கணக்கு முடிந்தபின் அறிவுரை வருகிறது. நல்லாசிரியன் முறை இதுவே. சிறார்க்கு எழுதுவோர் இப்பாட்டிலிருந்து பெறவேண்டியது அடியன்று, இவ்வமைப்பே.

தொண்டைநாட்டையே நிலைக்களனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. நெய்விற்கும் ஆய்மகள் விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் நல்ல பசுவையும் பெறுகிறாள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதற்கு விளக்கம் எதுவும் கூறவில்லை. ஈட்டியதை வளரும் வளமாகவே திருப்பி வைக்கும் ஆயர் வாழ்வைக் காட்டி மேற்செல்கிறார். ஆற்றுப்படை என்னும் வகையே வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு இடமும் உணவும் தொழிலும் கூறும் கல்வி என்பதை எண்ணின், அவ்விளக்கம் வேண்டாமை புலனாகும்.

நிலம் காட்டும் முறை

நூலில் கண்ட அளவு நிலத்தில் முறையாக நின்றது. முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூரின் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்றாகும். முதற்பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலை முறையையும் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றையும் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர். அவருடைய உறவினரும் அத்தகையரே. ஊரின் நீர் ஒருவன் கைப்பொருள் அன்று என்பதை இவ்விதி கற்பிக்கிறது. ஆயினும், நிலமும் மனையும் கல்வித் தகுதியும் உடையோரே அவ்வாரியத்துள் புகுந்தனர். அதனைக் குறையற்ற பொற்காலமாகச் சிறார்க்குக் காட்டுதல் வரலாறு ஆகாது. கணக்குக் காட்டும் முறையைக் கொள்க. வாயில் அடைத்த முறையை விடுக.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் இன்றும் வாழும் சான்று. ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளின் எச்சம் நீரை உரமாக்குகிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது. இப்பயனை அறிந்தே ஊரார் வேட்டையாடுவோரைத் தடுத்துப் பறவைகளைக் காத்து வந்தனர். 1936இல் அது புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் ராம்சர் நிலப் பட்டியலில் இடம்பெற்றது. அரசின் ஆணை வருமுன்னரே காவல் இருந்தது என்பதே கருதத்தக்கது. தீபாவளியன்று வெடி வெடியாமை அவ்வூர் வழக்கம். அவ்வூர்ச் சிறுவன் அதன் காரணத்தைத் தன் வயலிலேயே காண்கிறான். காரணம் கண்ணெதிரே இருத்தலின் கட்டளை மிகையாகிறது.

கடற்கரையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதனினும் வியக்கத்தக்கது. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் நின்றபின், பிழைப்பிழந்த இருளர் தம் அறிவை வேறு வழியில் பயன்கொண்டனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை உயிருடன் பிடித்துச் சில வாரம் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். நஞ்சு மருந்தாகிறது, பாம்பு வாழ்கிறது. மரம் சாகாமல் மருந்து கொள்ளும் நற்றிணை முறை பாம்பினிடத்தும் செல்வதை இங்கே காண்கிறோம். இம்மாவட்டத்து இருளர் இருவர், வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர், 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அவர்தம் அறிவு தலைமுறை தலைமுறையாகக் காட்டில் உடன்நடந்து கற்றது, ஏட்டில் கற்றதன்று.

சொல்லும் பாடமும்

இத்தகைய அறிவு பெரும்பாலும் சொல்லில் தங்கியுள்ளது. இக்கரையில் முட்டையிட வரும் கடலாமைக்குப் பங்குனி ஆமை என்பது மீனவர் இட்ட பெயர். பெயரே பருவத்தைக் கற்பிக்கிறது. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் உயிர்க்கும் ஆமை இழுவை வலையுள் நெடுநேரம் அகப்படின் மூச்சடைத்து இறக்கும். ‘ஆமையைக் காப்போம்’ என்று எழுதப் பழகிய மாணவன் இச்செய்தியைக் கேட்டு இரங்குவான். பங்குனி ஆமை என்னும் பெயரையும் அதன் காரணத்தையும் அறிந்த மாணவனோ, எந்தப் பருவத்தில் எந்த வலை எங்கே செல்லலாகாது என்று வினவுவான். இரக்கம் நன்று, வினா அதனினும் நன்று.

ஏரிக்கும் இது பொருந்தும். மதகு, கலங்கல், வரத்துக்கால், ஆயக்கட்டு என்னும் சொற்களை அறியாதவன் கண்ணுக்கு ஏரி வெறும் நீர்ப்பரப்பு. வரத்துக்கால் தூர்ந்ததும் கலங்கல் மறைந்ததும் அவனுக்குப் புலப்படா. புலப்படாத கேட்டினை அவன் தடுப்பது எங்ஙனம்?

ஆணைப் பாடத்தின் மற்றொரு குறை நெம்மேலியில் வெளிப்படும். அங்கே நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் தொடங்கியது. அந்நீர் சென்னை நகர்க்குச் செல்வது. அக்கடற்கரைச் சிறுவனிடம் குழாயை மூடச் சொல்வது எளிது. எவர் எவ்வளவு கொள்கின்றனர், எவர் கரையிலிருந்து கொள்கின்றனர் என்னும் அளவை அவனுக்குக் காட்டாத பாடம் பாதிப் பாடமேயாம். பிசிராந்தையார் அளவைப் பேசியது யானையை உடைய அரசனிடத்தே என்பதை மறத்தலாகாது. கொள்ளும் வலிமை மிக்கோர்க்கே அளவு முதலில் கற்பிக்கப்பட வேண்டும்.

ஆகவே, சிறார் பாடத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். அப்பாடம் இடம் சுட்டுகிறதா? அளவு கூறுகிறதா? காரணம் காட்டுகிறதா? இம்மூன்றும் இல்லாத பாடம், தலையில் எத்துணைப் பழைய அடியைச் சூடினும், வெற்றுரையே.

இதன்கண் தமிழ்த்துறைகட்கும் கடமை உண்டு. செங்கற்பட்டு ஏரிக்கரைகளிலும் மாமல்லபுர மீனவக் குப்பங்களிலும் வழங்கும் தொழிற்சொற்களை, அவற்றை ஆளும் முதியோர் உள்ளபோதே, பொருளும் பயனும் விளங்கத் தொகுத்தல் வேண்டும். தொகுத்தவற்றை அகராதியோடு நிறுத்தாது, அவ்வவ்வூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கையில் சேர்த்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஓர் ஏரியின் சொற்களை முற்றத் தொகுப்பாராயின், அவ்வூர்ச் சிறார்க்கு உரிய முதற்பாடம் அமைந்துவிடும்.