முகக்குறியும் குற்றமும்
துப்பறியும் ஆட்டங்களைப் பற்றி ஒரு விசாரம்

துப்பறியும் கதைகளின்மீது நம்மவர்க்குள்ள மோகம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜே. ஆர். ரங்கராஜுவும், ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நாவல்கள் ஒரு காலத்தில் கைமாறிக் கைமாறி, அட்டை கழன்று, முதற்பக்கமும் கடைசிப்பக்கமும் காணாமற் போகும்வரை வாசிக்கப்பட்டன. கடைசிப்பக்கம் இல்லாத துப்பறியும் நாவலை இரவு முழுதும் விழித்துப் படித்தவன் படும் பாட்டை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பண்டிதர்கள் அவற்றைக் குப்பையென்று தள்ளினர். தள்ளியவர்களுள் எத்தனைபேர் தலையணைக்கடியில் ஒரு பிரதி வைத்திருந்தனர் என்பது வேறு விஷயம்.

இப்போது அம்மோகம் கணினித் திரைக்கு ஏறியிருக்கிறது. நாவலில் துப்பறிவோன் ஒருவன் விசாரிப்பான், நாம் பார்த்திருப்போம். இவ்வாட்டங்களிலோ நாமே விசாரிக்க வேண்டும். சாட்சியை நாமே கேள்வி கேட்க வேண்டும். குற்றவாளி இன்னான் என்று நாமே விரல் நீட்ட வேண்டும். இதை வீண்பொழுது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவோரும் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. வேலை முடிந்த பல இரவுகளை இவற்றில் செலவிட்டோம் என்பதை மறைக்கவும் விரும்பவில்லை. செலவிட்டதால் கண்டது என்ன என்பதையே ஈண்டு எழுத முற்பட்டோம்.

இவ்வகை ஆட்டங்களின் மீது படிந்திருக்கும் இருள், சினிமாவிலிருந்து வந்தது. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மீண்டும் பாரிஸ் நகரை அடைந்தபோது, 1946-இல் நீனோ பிராங்க் என்னும் பிரெஞ்சு விமர்சகர் அவற்றுட் சிலவற்றிற்கு 'நுவார்', அதாவது கறுப்பு, என்று பெயர் சூட்டினார். சன்னல் தட்டியின் நிழல் கோடுகோடாக விழுந்த முகம், ஓயாத மழை, சிகரெட்டுப் புகை, கை சுத்தமில்லாத போலீஸ், நல்லவனென்று எவனையும் நம்பமுடியாத நகரம். தமிழில் இச்சாயலை அறிய விரும்புவோர் 1954-இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' படத்தைப் பார்ப்பாராக. அப்படங்களுக்கு ஊற்றாயிருந்த நாவலாசிரியருள் ஒருவரான ரேமண்ட் சாண்ட்லர், எழுத்தாளராகுமுன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து எண்ணெய்க் கம்பெனியொன்றில் கணக்கெழுதச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1932-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். கணக்கெழுதும் உத்தியோகம் மனிதரைச் சந்தேகிக்கப் பழக்குகிறது என்பதை, தோட்டத்துக் கிராணியாகிய நாம் மறுப்பதற்கில்லை.

ஆட்டங்களின் பழைய வரலாற்றை விரித்துரைக்க இடமில்லை. 1982-இல் இன்போகாம் கம்பெனி வெளியிட்ட 'டெட்லைன்' என்பதில் படமே கிடையாது, எழுத்து மட்டுமே. பன்னிரண்டு மணி நேரக் கெடுவுக்குள் கொலையை ஆராய வேண்டும். அதிலிருந்து நம் பொருளாகிய 'எல். ஏ. நுவார்' வரை வந்த தூரம் மிகப் பெரிது.

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த இவ்வாட்டத்தை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திலிருந்த டீம் பாண்டி என்னும் நிலையம் ஆக்கியது. ராக்ஸ்டார் கம்பெனி வெளியிட்டது. கதை நிகழ்வது 1947-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில். ஓகினாவாப் போரிலிருந்து பதக்கத்தோடு திரும்பிய கோல் பெல்ப்ஸ் என்பவன் ரோந்துப் போலீஸாகத் தொடங்கி, துப்பறிவோனாக உயர்ந்து, பின்பு வீழ்கிறான். அந்நகரத்தின் வீதிகளையும் மோட்டார்களையும் எத்துணைப் பிரயாசையோடு அமைத்திருக்கின்றனர் என்பதைக் கண்டால் வியப்பே மிஞ்சும். வேண்டுமாயின் முழுவதையும் கறுப்பு வெள்ளையாகவே ஆடலாம். நாம் அவ்வாறே ஆடினோம், சுகமாகவே இருந்தது.

எனினும் ஆட்டத்தின் உயிர் வீதிகளில் இல்லை, முகங்களில் இருக்கிறது. நடிகர்களை ஒளி மிகுந்த அறையில் நாற்காலியில் இருத்தி, சுற்றிலும் 32 காமிராக்களை நிறுத்தி, அவர்தம் முகத்தின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்தனர். ஆகவே திரையில் சாட்சி பேசும்போது அவன் கண் விலகுகிறது, தொண்டை அசைகிறது, உதடு சுழிகிறது. கேள்விக்குப் பதில் வந்ததும் நம்முன் மூன்று தீர்ப்புகள் வைக்கப்படுகின்றன: உண்மை, ஐயம், பொய். பொய்யென்று கூறினால் அதற்குரிய சான்றைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டும். ஐயமென்று கூறுவதற்குச் சான்று வேண்டியதில்லை, முகம் போதும். சரியாகச் சொன்னால் ஒரு நாதம், தவறாகச் சொன்னால் மற்றொரு நாதம். வழக்கு முடிந்ததும் நட்சத்திரங்கள் கிடைக்கும், அதிகப்படி ஐந்து.

முதல் வாரம் இவ்வேற்பாட்டை நாம் புகழ்ந்து திரிந்தோம். சந்திப்போரிடமெல்லாம் இதைப்போல் அறிவுக்கு வேலை கொடுக்கும் ஆட்டம் பிறிதில்லையென்று கூறினோம். இரண்டாம் வாரத்தில் நமக்கு ஒரு சங்கடம் தோன்றிற்று. அது ஆட்டத்தால் மட்டும் தோன்றியதன்று; நம் சொந்த அனுபவத்தால் தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டமொன்றில் உர மூட்டைக் கணக்கில் ஒன்பது மூட்டைகள் குறைந்தன. ஸ்டோரில் உதவிக்கு இருந்த முதியவர் ஒருவரை ஆபீசுக்கு அழைத்து விசாரித்தார்கள். அவருடைய வாக்குமூலத்தை எழுதும் பொறுப்பு நமக்கு. அவர் நாற்காலியில் அமரவில்லை. அமரச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை. கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்தே பதில் சொன்னார். "எனக்குத் தெரியாதுங்க, கிராணியாரே" என்று நாலைந்து முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிற்று. தாளின் அடியில் நாம், 'பதில்கள் திருப்திகரமாயில்லை. நடத்தை சந்தேகத்துக்கிடமானது' என்று ஆங்கிலத்தில் எழுதினோம். நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர். வாக்கியம் அழகாகவே அமைந்தது. அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து வெளிக்காட்டு வேலைக்குப் போட்டார்கள். நான்கு மாதம் கழித்து வருடாந்தரக் கணக்குப் பார்க்கையில் அந்த ஒன்பது மூட்டைகள் அகப்பட்டன. ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்கு எடுத்தெழுதியபோது நேர்ந்த பிழை அது. எழுதிய கை நம்முடையது. பிழையை ஒப்புக்கொண்டு மானேஜரிடம் சொன்னோம், கணக்கு திருத்தப்பட்டது. முதியவரோ அதற்குள் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போயிருந்தார். நாம் எழுதிய வாக்கியம் கோப்பில் அப்படியே இருக்கிறது.

ஆதலின் 'எல். ஏ. நுவார்' ஆட்டத்தில், ஏழைச் சாட்சி ஒருவன் கண்ணைத் தாழ்த்தியதும் 'ஐயம்' என்ற பொத்தானை நோக்கி நம் விரல் தானே போவதைக் கண்டபோது, நம்மை நாமே வெறுத்தோம். மேசைக்கு அப்பால் நிற்பவன் முகம் எப்போதும் குற்றவாளியின் முகந்தான். பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரம் பிந்தி வருகிறவனைப் பாருங்கள். பொய் சொல்பவனும் உண்மை சொல்பவனும் ஒன்றாகவே விழிப்பார்கள். முகக்குறியைக் கொண்டு உள்ளத்தை அளக்கலாம் என்பது ஜாதகத்தைக் கொண்டு குணத்தை அளக்கலாம் என்பதைப்போன்ற ஒரு நம்பிக்கையேயன்றி வேறில்லை. 32 காமிராக்கள் அதைச் சாஸ்திரமாக்கிவிடுமா?

ஆட்டத்தில் இந்நம்பிக்கை பலிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே அகப்படுவது பொய்யன் அல்லன். பொய்யனைப்போல் நடிக்கச் சம்பளம் பெற்றவன். ஆடுவோன் கண்டுபிடிக்க வேண்டுமென்பதற்காகவே அவன் கண்ணை விலக்குகிறான். இதை அறிந்தபின் ஆடினால் விசாரணை, நாடகப் பரீட்சையாகச் சுருங்கிவிடுகிறது. இன்னுமொன்று: 'ஐயம்' என்று மென்மையாகத் தோன்றும் பொத்தானை அழுத்தினால் கோல் பெல்ப்ஸ் சில வேளைகளில் சாட்சிமீது சீறிப் பாய்வான். ஐயுறுதல் வேறு, அதட்டுதல் வேறு என்று பலரும் முறையிட்டனர். 2017-இல் ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது அம்மூன்று பெயர்களும் மாற்றப்பட்டன: நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றஞ்சாட்டு. மாற்றியது நன்றே. நாம் செய்துகொண்டிருந்தது இன்னதென்று இப்போதாவது வெளிப்பட்டதன்றோ!

ஆட்டக்காரர்க்கு இக்குறை தெரியாதென்றும் சொல்ல முடியாது. கொலை வழக்குகளைக் கொண்ட பகுதி இதற்குச் சான்று. ஐந்து பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்கின்றனர். ஒவ்வொன்றிலும் யாரேனும் ஓர் ஆணின்மீது குற்றஞ்சாட்டி அடைக்கிறோம். ஒரு வழக்கில் இரண்டு அறைகளில் இருவர் இருப்பர். ஒருவனைத் தேர்ந்து குற்றஞ்சாட்ட வேண்டும். இருவருமே கொலையாளிகள் அல்லர். ஐந்து முறையும் நாம் அடைத்தவர்கள் நிரபராதிகள் என்று ஆறாவது வழக்கில் தெரிகிறது. உண்மைக் கொலையாளி பெரிய இடத்து உறவினன் என்பதால் மேலதிகாரிகள் செய்தியை அமுக்கிவிடுகின்றனர். இதுவே நுவாரின் உண்மையான இருள். ஐந்து குடும்பங்களை நாம் அழித்துவிட்டோம். அழித்ததற்கு நமக்கு நட்சத்திரமும் தரப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் ஆட்டம் நின்று நம்மை நோக்கியிருந்தால் அதை நாம் ஓர் இலக்கியமென்றே கூறியிருப்போம். அதுவோ கோல் பெல்ப்ஸுக்கு உத்தியோக உயர்வு கொடுத்து அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. அடைக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல நமக்கு ஒரு பொத்தான் கிடையாது.

வேறொரு செய்தியையும் இங்கே கூறவேண்டும். ஆட்டம் வெளிவந்த பின்னர், அதில் உழைத்தவருள் நூற்றுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் இறுதிப் பெயர்வரிசையில் விடுபட்டிருந்தன என்றும், இரவு பகலாக வேலை வாங்கப்பட்டனர் என்றும் முறையீடுகள் எழுந்தன. அவ்வாண்டிலேயே நிலையமும் மூடப்பட்டது. செக்ரோலில் பெயர் ஏறாதவனுக்குக் கூலி இல்லை என்பதை நாம் நன்கறிவோம். போர்வீரர்க்கென மட்டமான வீடுகளைக் கட்டி ஏமாற்றுவோரைக் கதையின் பிற்பகுதியில் கண்டித்தெழுதியவர்கள், தம் கூடத்தில் உழைத்தவர் பெயரை மறந்தது எவ்வாறோ!

இதற்கு மறுதலையாக நிற்பது, எஸ்தோனிய நாட்டவரான ராபர்ட் கூர்விட்ஸ் முதலானோர் எழுதி 2019-இல் சா/உம் நிலையம் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்'. கற்பனை நகரம் ஒன்றில், துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தினிடையே, விடுதிக்குப் பின்புற மரத்தில் ஏழு நாளாகத் தொங்கும் ஒரு பிணம். விசாரிக்க வந்தவனோ குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்தவன். அவனுடைய 24 திறமைகளும் அவன் தலைக்குள் இருபத்துநான்கு குரல்களாகப் பேசுகின்றன. 'அவன் பொய் சொல்கிறான்' என்று ஒரு குரல் கூறும், 'அவன்மீது பாய்' என்று மற்றொன்று தூண்டும், இரண்டுமே தவறாயிருக்கலாம். இங்கே சந்தேகத்துக்குரியது சாட்சியின் முகமன்று, விசாரிப்பவனின் மூளை. இதுவல்லவோ நியாயம்! உடன்வரும் கிம் கிட்ஸுராகி என்னும் அதிகாரி முகங்களைப் படிப்பதில் நேரம் போக்குவதில்லை, குறிப்பேட்டில் எழுதுகிறார், நாளொன்றுக்கு ஒரே சிகரெட்டு பிடிக்கிறார். அவருக்குமுன் நாம் ஒரு மூடத்தனம் செய்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும் போது உண்டாகும் நாணம், ஐந்து நட்சத்திரத்தையும் இழந்தபோது உண்டாகவில்லை. கொலையாளி யார் என்று கூறி வாசகரின் இன்பத்தைக் கெடுக்கமாட்டோம். நாம் மிரட்டிய ஏழைகளுள் அவன் இல்லை என்பது மட்டும் கூறலாம்.

குறையும் உண்டு. பேச்சு பெருவெள்ளம். பத்து இலட்சம் சொற்களுக்கு மேலென்பர். இரண்டு வரியில் முடியவேண்டியதை இருபது வரியாக நீட்டித் தம் சாதுரியத்தைத் தாமே ரசிக்கும் இடங்கள் பல. தூக்கம் வரும் கண்ணோடு அவற்றைக் கடந்தோம்.

லூகாஸ் போப் என்பவர் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆப் தி ஒப்ரா டின்' இவ்விரண்டிலும் சேராதது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் பரிசோதகர் ஒருவர், 1807-இல் ஆளற்றுத் திரும்பிய கப்பலில் இருந்த 60 பேரும் என்னவானார்கள் என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். மூன்று பேரின் கதி சரியாக எழுதப்பட்டாலன்றி ஒன்றும் உறுதியாகாது. இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் அப்பட்டியலில் இருக்கின்றனர். அவர்கள் பெயரையும் கண்டுபிடித்து எழுதினாலொழியப் பதிவேடு முடியாது. கிராணிகளுக்கென்றே செய்த ஆட்டம் என்று நண்பர்கள் நம்மைப் பரிகசித்தனர். ஏற்றுக்கொண்டோம்.

இக்கட்டுரையை எழுதுமுன் ஒரு சோதனை செய்தோம். 'எல். ஏ. நுவார்' ஆட்டத்தின் வழக்கொன்றை மீண்டும் எடுத்து, திரையில் முகம் தெரியும் பாகத்தை ஒரு காகிதத்தால் மறைத்து, ஒலியையும் அடைத்து, கீழே ஓடும் எழுத்தையும் குறிப்பேட்டையும் மட்டும் கொண்டு விசாரித்தோம். பொய்களைப் பெரும்பாலும் பிடித்துவிட்டோம். ஏனெனில் அவற்றுக்குச் சான்று உண்டு. உண்மைக்கும் ஐயத்துக்கும் இடையேதான் தடுமாறினோம். முகத்தை எடுத்துவிட்டால் அவ்விரண்டையும் பிரிக்க ஆட்டத்தில் பெரும்பாலும் வழியே இல்லை. ஆகவே, தெரியாத இடங்களிலெல்லாம் 'உண்மை' என்றே அழுத்தினோம். இரண்டு நட்சத்திரம் கிடைத்தது.